உள்ளே இருப்பவருக்கு முதல் வழி

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், காலை ஏழரை மணிக்கு, ஒரு ரவுண்டானாவின் ஓரத்தில் நாங்கள் நால்வரும் குனிந்து இறால் பொறுக்கிக்கொண்டிருந்தோம். தார்ச்சாலையில் ஐஸ் துண்டுகளோடு சிதறிக் கிடந்த வெள்ளை இறால். பக்கத்தில் ஒரு டிவிஎஸ் எக்ஸெல் சாய்ந்து கிடந்தது. அதை ஓட்டி வந்தவர் நடைபாதை விளிம்பில் அமர்ந்து, இடக்கை மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் கையைப் பார்க்கவில்லை, இறாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மொதல்ல அத எடுங்க சார், வெயில் ஏறுது” என்றார். அவரை இடித்தது எங்கள் கார்.

நாங்கள் நால்வரும் சென்னைக்கு வடக்கே உள்ள ஒரு கல்லூரியில் ஆசிரியர்கள். ஒரே காரில் போய்வருகிறோம். வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து ஓட்டுகிறோம்; பெட்ரோல் செலவை நாலாகப் பிரித்துக்கொள்கிறோம். அன்று ஓட்டியவர் யார் என்பதைக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம். மற்ற இடங்களில் எல்லாம் ‘நாங்கள் கவனிக்கவில்லை’, ‘எங்கள் மேல்தான் தவறு’ என்றே சொல்லி வந்தோம். தன்மைப் பன்மை ஒரு வசதியான இடம். பணிவாகவும் தோன்றும், ஒளிந்துகொள்ளவும் உதவும்.

நடந்தது இதுதான். ரவுண்டானாவை நெருங்கும்போது வலப்பக்கம் பார்த்தோம். தொலைவில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. அது வருவதற்குள் போய்விடலாம் என்று கணக்கிட்டு, வேகத்தைக் குறைக்காமல் உள்ளே நுழைந்தோம். லாரிக்கு முன்னால், ஏற்கெனவே வட்டத்துக்குள் வந்துகொண்டிருந்த இருசக்கர வண்டி எங்கள் கண்ணில் படவே இல்லை. காரின் வலது முன்மூலை அதன் பின்சக்கரத்தில் தட்டியது. பெரிய வேகமில்லை. ஆனால் விழுந்தவர் கையை ஊன்றியதால் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு என்றார் மருத்துவர். வழக்கு பதிவாயிற்று, நீதிமன்றத்தில் அபராதம் கட்டினோம், மருத்துவச் செலவையும் ஆறு வார வருமான இழப்பையும் ஏற்றுக்கொண்டோம். சட்டப்படி விஷயம் அத்துடன் முடிந்தது.

அன்று மாலை ஆசிரியர் அறையில் அமர்ந்து, ஒருவரையொருவர் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டோம். ரவுண்டானாவில் முதலில் போகும் உரிமை யாருக்கு? நால்வரும் முதுகலை படித்தவர்கள். நால்வரிடமும் ஓட்டுநர் உரிமம் பல ஆண்டுகளாக இருக்கிறது. நான்கு விடைகள் வந்தன. நேராகப் போகிறவருக்கு என்றார் ஒருவர். பெரிய வண்டிக்கு என்றார் இன்னொருவர். முதலில் மூக்கை நீட்டியவருக்கு என்றார் மூன்றாமவர். நான்காவது விடை, ஹாரன் அடித்தவருக்கு. உரிமம் வாங்கிய நாளில் எட்டுப் போட்டுக் காட்டியிருந்தோம். எட்டுப் போடத் தெரிந்தவர்களுக்கு ஒரு வட்டத்தைச் சுற்றத் தெரியவில்லை.

விடை ஒன்றே ஒன்றுதான். ஏற்கெனவே வட்டத்துக்குள் இருப்பவருக்கே முதல் வழி. நம் நாட்டில் இடப்பக்கமாக ஓட்டுகிறோம். ஆகவே வட்டத்துக்குள் இருப்பவர் எப்போதும் நம் வலப்பக்கத்திலிருந்தே வருவார். சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளே சொல்லின. 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குவிதிகள் ரவுண்டானாவைத் தனியாகவே எடுத்துக்கொண்டு, உள்ளிருக்கும் வண்டிக்கே முன்னுரிமை என்று கூறுகின்றன.

இந்த எளிய விதியைக் கண்டடைய உலகத்துக்கும் அறுபது ஆண்டுகள் ஆயின என்பதைப் பிறகு படித்தபோது சற்றே ஆறுதலாக இருந்தது. 1905-இல் நியூயார்க்கின் கொலம்பஸ் வட்டத்திலும், 1907-இல் பாரிஸில் வெற்றி வளைவைச் சுற்றிய சதுக்கத்திலும் வண்டிகளை ஒரே திசையில் சுற்றவிடும் முறை வந்தது. ஆனால் பல இடங்களில் உள்ளே நுழைபவருக்கே முன்னுரிமை இருந்தது. விளைவை யாரும் ஊகிக்கலாம். நுழைகிறவர்கள் நுழைந்துகொண்டே இருப்பார்கள்; உள்ளிருப்பவர் நின்றுவிடுவார்; அவர் நின்றதால் அவருக்குப் பின்னால் உள்ளவர் வெளியேற முடியாது; கடைசியில் வட்டம் முழுவதும் இறுகிப்போகும். 1966 நவம்பரில் பிரிட்டன் விதியை மாற்றியது. நுழைபவர் காத்திருக்க வேண்டும், உள்ளிருப்பவர் போக வேண்டும். அதன் பிறகே ரவுண்டானா ஓடத் தொடங்கியது. கல்லும் மண்ணும் அப்படியே இருந்தன. மாறியது, யார் யாருக்காக நிற்பது என்பது மட்டும்தான்.

அதன் பயன் சிறிதன்று. நான்கு சாலைகள் சாதாரணமாகக் குறுக்கிடும் ஒரு சந்திப்பில் வண்டிகள் ஒன்றோடொன்று மோதக்கூடிய புள்ளிகள் 32 என்று பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஒற்றைத் தடமுள்ள ரவுண்டானாவில் அவை 8. நேருக்கு நேர் மோதலும் குறுக்கே பாய்ந்து மோதலும் அங்கே இல்லை. விபத்து நேர்ந்தாலும் பக்கவாட்டில் உரசுவதாகவே பெரும்பாலும் இருக்கும். எங்கள் விபத்து மரணமாகாமல் மணிக்கட்டோடு நின்றதற்கு அந்த வட்டமே காரணம், நாங்கள் அல்லர். 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு.

அந்த வண்டி எங்கள் கண்ணில் ஏன் படவில்லை என்பது பல நாள் எங்களை உறுத்தியது. பார்க்காமல் நுழையவில்லை; பார்த்தோம்; லாரி தெரிந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை வெற்றிடத்தில் நிறுத்தி, ஒருவர் இருக்கையில் அமர, மற்றொருவர் சைக்கிளில் சுற்றிவரச் செய்து பார்த்தோம். முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையே கூரையைத் தாங்கி நிற்கும் தூண், ஒரு சைக்கிளை ஆளோடு சேர்த்து மறைத்துவிடுகிறது. காரும் நகர்கிறது, வட்டத்தில் வரும் வண்டியும் நகர்கிறது. இரண்டின் வேகமும் ஒத்துப்போனால் அது நெடுநேரம் அந்தத் தூணுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். லாரியைத் தூணால் மறைக்க முடியாது; எளியவரை மறைக்க முடியும். இருக்கையில் உடலைச் சற்று முன்னும் பின்னும் அசைத்து, தூணின் இரு பக்கமும் எட்டிப் பார்ப்பது ஒன்றே இதற்கு மருந்து. எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் எங்களுக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

மாவுக்கட்டுப் போட்ட மூன்றாவது வாரம் அவரைப் பார்க்கப் பழவேற்காட்டுக்குப் போனோம். பொன்னேரியைக் கடந்து, திருப்பாலைவனம் வழியாகச் செல்லும் சாலை. கார்த்திகை மழையில் இரு பக்கமும் வயல்கள் நிறைந்திருந்தன. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி பழவேற்காடு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டா தீவு அதற்கும் கடலுக்கும் நடுவே அரணாகக் கிடக்கிறது. 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டி வாணிபம் செய்தார்கள். கோட்டை இருந்த இடத்தில் இன்று மேடும் புதரும்தான். மீனவர் குப்பங்கள் இருக்கின்றன.

அவருடைய குப்பத்தின் பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை. தகரக் கூரை போட்ட முன்திண்ணையில் எங்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார்கள். அவருடைய தந்தை சுவரோரம் அமர்ந்து வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“யாரு சார் ஓட்டினது?”

நாங்கள் பேசாமல் இருந்தோம். வழக்கமான பன்மை வாய்வரை வந்தது. பிறகு எங்களில் ஒருவர் கையை உயர்த்தினார். இதை எழுதுபவரும் அவரேதான்.

“சண்டைக்குக் கேக்கல. நாலு பேரும் தலையக் குனிஞ்சிக்கினு உக்காந்தா நான் யாராண்ட பேசறது?” என்றார் அந்த அம்மா. பிறகு அவர் பேசினார். மருத்துவமனையிலிருந்து வந்த முதல் வாரம் இவருக்கு இரவில் தூக்கமில்லை என்பதையும், பள்ளிக்குப் போகும் மகள் அப்பாவுக்குச் சட்டை மாட்டிவிடுவதையும், மீன்பாடு நன்றாக இருந்த நாட்களில்தான் கை இல்லாமல் போனது என்பதையும் சொன்னார். பணம் கொடுத்தவர்களிடம் பணத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தோம். கை உயர்த்தியவரைப் பார்த்தே முழுவதையும் சொன்னார்.

அவர் உள்ளே போன பின்பு, பெரியவர் ஊசியை நிறுத்தினார். “ஏரில அப்டி நொழைய முடியாது சார்” என்றார். எங்களுக்கு முதலில் புரியவில்லை. அவர் சொல்லத் தொடங்கியது பாடு பற்றி.

பழவேற்காட்டின் பாடு முறை ஆய்வாளர்கள் பலர் எழுதியிருக்கும் ஒன்று. ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்தை அடுத்து நீரோட்டம் உள்ள இடங்களில்தான் இறால் மிகுதி. எல்லாரும் ஒரே நேரத்தில் அங்கே வலையை இறக்கினால் ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்காது. வலையும் கிழியும், மண்டையும் உடையும். ஆகவே எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலையிடுவது என்பதை ஊர் கூடி முறைவைத்துக்கொள்கிறது. சீட்டுக் குலுக்கி இடம் பிரித்துக்கொள்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்றும் இம்முறையில் பழைய உரிமை உள்ள ஊர்கள். காவலரோ விளக்குக் கம்பமோ இல்லாமல் பல தலைமுறைகளாக இது நடந்துவருகிறது.

“வலை போட்டவன் எடுத்துக்கினு வெளிய வர்ற வரைக்கும் அடுத்தவன் நிக்கணும். நிக்கறவனுக்கும் ஒரு நாள் இருக்குது. அது அவனுக்குத் தெரியும். அதனாலதான் நிக்கறான்” என்றார் பெரியவர்.

தமிழ் படித்த எங்களுக்கு அந்தச் சொற்கள் அன்று புதிதாகக் கேட்டன. ‘முறை’ என்றால் ஒழுங்கு. முறை என்றால் நீதி. முறை என்றால் உறவு. உன் முறை, என் முறை என்னும்போது அது வரிசை. வகுப்பில் பல ஆண்டுகளாக இவற்றைத் தனித்தனிப் பொருள்களாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஏரிக்கரையில் அது ஒரே பொருள். ‘பாடு’ என்பதும் அப்படித்தான். கிடைத்த மீனும் பாடு. வலையிடும் உரிமையும் பாடு. படும் துன்பமும் பாடு.

எங்களில் ஒருவர் பொருளியல் ஆசிரியர். பாடு இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். பெரியவர் உடனே விடை சொல்லவில்லை. “அவங்க வேற எடத்துல போடுவாங்க” என்றார். சற்றுக் கழித்து, “சண்டையும் வந்திருக்குது” என்றார். திரும்பும் வழியில் ஏரியின் ஆழமற்ற ஓரத்தில், இடுப்பளவு நீரில் இருளர் பெண்கள் சிலர் கைகளால் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்ததைக் கண்டோம். வலையில்லை, படகில்லை, பாடுமில்லை. உள்ளே இருப்பவருக்கே முதல் வழி என்ற விதி, உள்ளே நுழையவே முடியாதவரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ரவுண்டானாவிலும் இந்தக் குறை உண்டு. ஒரு சாலையிலிருந்து இடைவெளியே இல்லாமல் வண்டிகள் வந்துகொண்டிருந்தால், அடுத்த சாலையில் நிற்பவர் நின்றுகொண்டே இருப்பார். அத்தகைய இடங்களில் விளக்கு வைத்து இடைவெளியை உண்டாக்கித் தருகிறார்கள். காத்திருப்பவருக்கும் ஒரு நாள் உண்டு என்ற உறுதி இருக்கும் வரையில்தான் காத்திருப்பு முறை. அது இல்லையேல் வெறும் தடை. பெரியவர் சொன்னதன் மறுபாதி இது.

அன்று வண்டியில் திரும்பும்போது, விபத்து நடந்த வாரத்திலிருந்து காரைத் தொடாமல் இருந்தவரிடம் மற்ற மூவரும் சாவியை நீட்டினர். பொன்னேரி வரை மறுத்துப் பார்த்தார். “உங்கள் முறை தவறிவிட்டது, கணக்கு எங்களிடம் இருக்கிறது” என்றார் பொருளியல் ஆசிரியர். நீட்டிய சாவியை வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அதே ரவுண்டானா வந்தது. இம்முறை எப்படிக் கடந்தோம் என்பதை எழுதிவைக்கிறோம். எங்களைப் போல் தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பவர் யாருக்காவது பயன்படலாம்.

ஐம்பது அடிக்கு முன்பே வேகம் குறைந்தது. தடம் முன்னமே முடிவாக வேண்டும். முதல் சாலையில் இடப்பக்கம் திரும்புபவர் இடது தடத்தில் வர வேண்டும். வலப்பக்கம் போகிறவரும் வந்த வழியே திரும்புபவரும் நடுத்திட்டை ஒட்டிய வலது தடத்தில் வர வேண்டும். நேராகப் போக வேண்டிய நாங்கள் இடது தடத்தில் நின்றோம். உள்ளே போன பிறகு தடம் மாற்றுவதுதான் பாதி விபத்துகளின் விதை. நுழைவாயில் கோட்டில், தூணின் இரு புறமும் எட்டி வலப்பக்கம் பார்த்தோம். ஓர் ஆட்டோ உள்ளே வந்துகொண்டிருந்தது, நின்றோம். அதன் பின்னால் ஒரு பால்காரர்; நின்றோம். பின்னாலிருந்த வேன் ஹாரன் அடித்தது. ஹாரன் அடிப்பவருக்கு எங்கள் முன்னால் இருப்பது தெரியாது; ஆகவே அதற்கு விடை சொல்லத் தேவையில்லை. இடைவெளி வந்ததும் தயங்காமல் நுழைந்தோம். வழி இருக்கும்போது நிற்பதும் வழியில்லாதபோது நுழைவதைப் போன்ற பிழையே.

உள்ளே சென்றபின் நிற்கக் கூடாது, முந்தக் கூடாது, யாரோ ஒருவருக்கு இரக்கப்பட்டு வட்டத்துக்குள் வண்டியை நிறுத்தி வழிவிடவும் கூடாது. அந்த இரக்கம் பின்னால் வருபவரை இடிக்க வைக்கும். பேருந்தும் லாரியும் வளையும்போது அவற்றின் பின்சக்கரங்கள் உட்பக்கமாக வெட்டிவரும். அவற்றுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போகலாகாது. நாங்கள் வெளியேற வேண்டிய சாலைக்கு முந்தைய சாலையைக் கடந்ததும் இடது விளக்கைப் போட்டோம். அந்த விளக்கு மரியாதைக்காக அல்ல. அடுத்த வாயிலில் காத்திருப்பவருக்கு ‘உன் முறை வந்துவிட்டது’ என்று சொல்லும் செய்தி அது. இடது கண்ணாடியில் இருசக்கர வண்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சாலையைக் கடக்க நின்ற ஒரு மாணவிக்கு வழிவிட்டு, வெளியேறினோம். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம்கூட ஆகவில்லை.

நம் கோயில்களில் வலம் வருவதும் இதே திசையில்தான். கருவறை எப்போதும் நம் வலப்பக்கம் இருக்க, எல்லாரும் ஒரே பக்கமாகச் சுற்றுகிறோம். நெரிசலான நாளிலும் பிராகாரத்தில் எதிர்த்திசையில் நடப்பவரை யாரும் பார்த்திருக்க முடியாது. அதே மனிதர்கள் வெளியே வந்து வண்டியில் ஏறியதும், ஐம்பது அடி சுற்ற அலுத்துக்கொண்டு ரவுண்டானாவில் எதிர்த்திசையில் போகிறார்கள். நாங்களும் போயிருக்கிறோம். சென்னையில் அண்ணா சிலை நிற்கும் சந்திப்பை முன்பு ரவுண்ட் தாணா என்றார்கள். தாணா என்றால் காவல் சாவடி. நம் வாயில் புழங்கும் ‘ரவுண்டானா’ அதிலிருந்து வந்ததென்பார்கள். பெயரில் காவல் இருந்தாலும், அந்த வட்டத்தை உண்மையில் காப்பது காவலர் அல்லர், நிற்பவர் ஒவ்வொருவரும்தான்.

தை மாதம் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். அடுத்த வாரம் அவரே தொலைபேசியில் அழைத்தார். கை முழுதாக மடங்கவில்லை என்றும், வலை இழுக்கத் தம்பி துணைக்கு வருகிறான் என்றும், அன்று தங்கள் ஊர்ப் பாடு என்றும் சொன்னார். “வண்டி ஓட்டறீங்களா சார்?” என்று கேட்டார். ஓட்டுகிறோம் என்றோம். “நீங்க ஓட்டறீங்களா?” என்று மறுபடியும் கேட்டார்.

ஆம், இந்த வாரம் என் முறை என்று சொல்லியிருக்க வேண்டும். வழக்கம் விடவில்லை. எங்கள் முறை என்றே வாயில் வந்தது. அவர் சிரித்துவிட்டு வைத்தார்.